எண்ணெய் இறங்கட்டும்

எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைப்பார். துணியைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை. பிறகு அதை எஞ்சினுக்குள் மறுபடி செருகுவார். அடி வரை போய் உட்கார்ந்தது கைக்குத் தெரிந்தால்தான் விடுவார். திரும்ப உருவி, வெளிச்சத்துக்குக் குறுக்கே படுக்கவைத்து, முதலில் ஒரு பக்கம் பார்ப்பார், அப்புறம் மறுபக்கம். இரண்டில் எது குறைவோ அதுதான் அவருக்கு அளவு. அந்த நேரத்தில் பெற்ற தாயே வந்து கூப்பிட்டாலும் பதில் கிடைக்காது. ஒரு முறை ஜப்பான்காரச் சார்ஜன் பின்னால் வந்து நின்றது தெரியாமல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்து, குனிந்து வணங்கத் தவறியதற்காக அறை வாங்கினார். அறை வாங்கிய பிறகும் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் கம்பியை உள்ளே போட்டார்.

லோரிக்காரர் அப்பாசாமியைத்தான் சொல்கிறேன். இன்றும் மலாக்காவில், காஜா பெராங்கில்தான் குடியிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் அங்கிருந்த உணவுக் கிடங்கில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன், அவர் லோரி ஓட்டினார். கிளேபாங்கிலிருந்து கருவாடு, ஆயர் குரோவிலிருந்து மரவள்ளிக்கிழங்கு, குருபோங்கிலிருந்து விறகு. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே கிழட்டு லோரி. ஒட்டிய கன்னமும் முழங்காலுக்கு மேல் ஏறிய கால்சட்டையுமாக ஆள் ஒல்லியாக இருப்பார். கம்பி துடைக்கும் துணி மட்டும் தினமும் துவைத்து வெள்ளையாக இருக்கும். முகத்து வேர்வையைப் புறங்கையால் வழித்து உதறிவிடுவார். "கம்பிக்குத் துணி, எனக்குக் கை. அதுக்கு மேல என்ன வேணும், கிராணியாரே?"

வண்டி வந்து நின்றதும் கம்பியைத் தொடவே மாட்டார். பத்து நிமிஷம் கழிய வேண்டும். "ஓடி வந்த எஞ்சின்ல எண்ணெ மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒடனே உருவிப் பாத்தா கொறச்சலாத்தான் காட்டும். எறங்கட்டும்." அந்த "எறங்கட்டும்" அவர் வாயில் எல்லாவற்றுக்கும் வரும். சம்சாரம் திட்டினால், அவள் ஓயட்டும் என்று காத்திருந்து பதில் சொல்வார்; அதற்குள் அவள் வேறு வேலைக்குப் போயிருப்பாள். வெள்ளைக்காரன் போர்ட்டிக்சனில் இறங்கிவிட்டான் என்று ஒருநாள் யாரோ மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னபோதும், "எறங்கட்டும், அப்பறம் பாப்போம்" என்று டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சட்டம், சமதரை. வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் எண்ணெயும் அந்தப் பக்கம் சாயும், கம்பி பொய் சொல்லும் என்பார். கிடங்கு வாசலில் வெள்ளைக்காரன் போட்ட சிமிட்டித் தளம் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். "மலாக்கா பூரா தேடுனாலும் இப்படி ஒரு தரை கெடைக்காது" என்று அதைத் தன் சொந்தச் சொத்து போலப் புகழ்வார். அளவு பார்ப்பதென்றால் அந்தத் தளத்தில்தான்.

எஞ்சின் எண்ணெய் என்ற ஒன்று அப்போது ஊரிலேயே இல்லை. செம்பனை எண்ணெய்தான் ஊற்றினோம். சனங்கள் சமையலுக்குத் தேடி அலைந்ததும் அதே எண்ணெயைத்தான். வாரத்துக்கு இரண்டு போத்தல் லோரிக்கு என்று கிடைக்கும். காலைக் குளிரில் அது கட்டிதட்டிப் போய்விடும். அதனால் போத்தலை முதல்நாளே கிடங்குச் சமையல்காரி பாக்கியலட்சுமியிடம் கொடுத்துவிடுவோம். அவள் அடுப்போரம் வைத்து இளக்கிக் கொடுப்பாள். பதினேழு வேலையாட்களுக்கும் கஞ்சி காய்ச்சுகிறவள் அவள்தான். புருஷனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிகம் பேச மாட்டாள்.

ஒருநாள் மத்தியானம் குருபோங்கிலிருந்து விறகோடு வந்து லோரி தளத்தில் நின்றது. நின்றதும் நிற்காததுமாக, கிடங்குப் பொறுப்பிலிருந்த சார்ஜன் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னான். இத்தனை நாள் அப்பாசாமியைப் பார்த்துப் பார்த்து அவனும் பழகியிருந்தான் போலிருக்கிறது. கம்பியை உருவினான், துடைத்தான், செருகினான், எடுத்தான். கம்பியில் கீறியிருந்த கீழ்க்கோட்டுக்கும் இரண்டு விரல் கீழே இருந்தது எண்ணெய். வாரம் இரண்டு போத்தல் கொடுத்தும் இவ்வளவுதானா, மீதி எங்கே என்று கத்தினான்.

அப்பாசாமி குனிந்து வணங்கி, "லோரி மாக்கான் மிஞ்ஞாக், துவான்" என்றார். லோரி எண்ணெய் தின்கிறது, ஐயா என்று அர்த்தம். பழைய வண்டியைப் பற்றி மலாய்க்காரரும் அப்படித்தான் சொல்வார்கள், நாமும் வண்டி எண்ணெய் குடிக்கிறது என்றுதான் சொல்வோம். சார்ஜனோ ஏதோ சின்னப் புத்தகத்தைப் பார்த்து மலாய் கற்றவன். "மாக்கான்?" என்றான். தின்கிறதா? "சியாப்பா மாக்கான்?" யார் தின்பது?

அந்த நேரம் பார்த்தா சமையல் கொட்டகையிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வர வேண்டும்? சார்ஜன் விறுவிறுவென்று உள்ளே போனான். அடுப்போரத்தில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. மறு நிமிஷம் பாக்கியலட்சுமி முற்றத்து வெயிலில், அந்தப் போத்தலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி இரண்டு அடித்ததும் டவுனிலிருக்கும் ராணுவப் போலீசுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். அங்கே போய்த் திரும்பி வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களால் தட்டைத் தூக்கிச் சாப்பிட முடியாது, விரல்கள் மடங்காது.

"நாந்தான் வாய விட்டுட்டேன், கிராணியாரே" என்றார் அப்பாசாமி.

பிறகு சார்ஜன் முன்னால் போய் மூன்று முறை குனிந்தார். எஞ்சின் சூடாக இருக்கிறது, எண்ணெய் மேலே நிற்கிறது, பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் சரியான அளவு தெரியும் என்று பாதி மலாயிலும் பாதி கையாலும் விளக்கினார். சார்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். அப்பாசாமி அதோடு விடவில்லை. இந்தச் சிமிட்டித் தளம் கோணல், துவான். வண்டியைச் சமதரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தத் தளத்தைக் கோணல் என்கிறார்! சார்ஜன் சம்மதித்தான். அப்பாசாமி வண்டியில் ஏறி, பின்பக்கமாக எடுத்து, வேலியோரத்து மரநிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். இடப்பக்கச் சக்கரம் இரண்டும் புல் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் கீழே இறங்கி நின்றன. அந்த லோரியில் கம்பி இருப்பது இடப்பக்கம். கணக்குப் பிள்ளை எனக்கே அது தெரியும்.

பத்து நிமிஷம் காத்திருந்தோம். பாக்கியலட்சுமியின் கையிலிருந்த போத்தல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது, அவள் மறுபடி தூக்கிப் பிடித்தாள். சார்ஜன் சற்றுத் தள்ளி நின்று வண்டியைப் பார்த்தால் போதும், மூன்று பேரும் தொலைந்தோம். அப்பாசாமி கையைக் கட்டிக்கொண்டு கம்பியின் வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரம் ஆனதும் சார்ஜன் கையை நீட்டினான். அப்பாசாமி வெள்ளைத் துணியைக் கொடுத்தார். அவன் துடைத்தான், திருப்பித் துடைத்தான், அடி வரை செருகி உருவினான், வெளிச்சத்தில் படுக்கவைத்து ஒரு பக்கமும் பார்த்தான், மறுபக்கமும் பார்த்தான். எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. மலாயை ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொள் என்று அப்பாசாமி கன்னத்தில் ஓர் அறை விட்டான். பாக்கியலட்சுமியைப் பார்த்து, போ என்பதுபோல் கையை உதறிவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டான்.

அப்பாசாமி லோரியைத் தளத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார். மறுபடி பத்து நிமிஷம் காத்திருந்து கம்பியை எடுத்து என்னிடம் காட்டினார். கீழ்க்கோட்டுக்கு ஒன்றரை விரல் குறைவு.

கொட்டகைக்குள் அவர் போனார், நானும் பின்னாலேயே போனேன். பாக்கியலட்சுமி கையை உதறி உதறி விட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, வண்டிக்கு அடியில ஒழுகல. பொகையும் வரல. ஒரு வாரமா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எவ்வளவு எடுத்த?"

"போத்தலுக்கு ஒரு சிகரெட் டின்னு, அண்ணே."

"எடுத்தது சரி. எங்கிட்ட சொல்லிட்டு எடுக்கக் கூடாதா? கொறையுதுன்னா எஞ்சின் புடிச்சுக்கும், என் தலையில்ல போவும்? யாருக்குக் குடுத்த?"

அவள் கரண்டியால் கஞ்சிப் பானைப் பக்கம் காட்டினாள். "வெறும் மரவள்ளியும் உப்பும் தொண்டையில எறங்கலன்னு நீங்கதான சொன்னீங்க? போன மாசத்துலேருந்து எல்லாருக்கும் வெங்காயம் தாளிச்சுப் போடுறேன். நேத்து ரெண்டாந்தடவ கேட்டு வாங்குனீங்களே."

நானும்தான் கேட்டு வாங்கினேன். யார் தின்பது என்று அந்த ஆள் கேட்டானே, தின்றவர்கள் இரண்டு பேர் அவன் முன்னாலேயே நின்றிருக்கிறோம். வெயிலில் நின்றதோ அவள். வெட்கத்தில் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை அவள் இளக்கிய போத்தலைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் மேல் யாரும் கை வைத்திருக்கவில்லை, கழுத்து வரை நிறைந்திருந்தது. அப்பாசாமி அதை வாங்கிக்கொண்டு லோரிப் பக்கம் போகாமல் கொட்டகைக்குள் நுழைந்தார். அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த சிகரெட் டின்னை எடுத்து நிமிர்த்தி, சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினார். டின்னைக் கண்ணுக்கு நேரே தூக்கி ஒரு பக்கம் பார்த்தார், திருப்பி மறுபக்கம் பார்த்தார். குறைவாகத் தெரிந்தது போலிருக்கிறது. போத்தலை இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.