சம்பளம் கேட்காத கோச்

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் டாக்சிக்காரரே இன்னொரு முறை கேட்பார். அவ்வளவு சிறியது. அதன் விளையாட்டுப் பிரிவு அதைவிடச் சிறியது. ஒரு மேலாளர், நான், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. பூப்பந்து, வலைப்பந்து, மேசைப்பந்து, ஃபுட்சால், பெண்கள் ஹாக்கி என்று சில அணிகள். அணிகள்தான் தனித்தனி, ஆட்கள் பாதிப்பேர் ஒரே ஆட்கள். திங்கட்கிழமை வலைப்பந்து ஆடிய பெண் செவ்வாய்க்கிழமை ஹாக்கி மட்டையோடு நிற்பாள். கேட்டால், ஆள் பத்தவில்லை என்று கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன் என்பாள்.

அணிகளுக்குத் திடல் பிடிப்பது, பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் போடுவது, செலவுக்கு ஒப்புதல் வாங்குவது, இவைதான் என் வேலை. விளையாட்டில் ஆர்வம் உண்டா என்று நேர்முகத் தேர்வில் கேட்டார்கள். பள்ளியில் நூறு மீட்டர் ஓடியிருக்கிறேன் என்றேன். எத்தனையாவதாக வந்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

எங்கள் நிதியாண்டு மார்ச்சில் முடியும். ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தால் அது திரும்பப் போய்விடும். அடுத்த ஆண்டு, உங்களுக்குத்தான் தேவைப்படவில்லையே என்று குறைத்துக் கொடுப்பார்கள். பல அலுவலகங்களில் நடக்கிற கூத்துதான். அதனால் பிப்ரவரி பிறந்தாலே எங்கள் பயிற்சியாளர்களுக்குக் கை பரபரக்கும். பூப்பந்து கோச் ஷட்டில் பெட்டிகளை வாங்கி வாங்கி என் மேசைக்குக் கீழே அடுக்குவார். எனக்குக் கால் நீட்ட இடமிருக்காது. எங்கே வைப்பது என்று கத்தினால், அடுத்த வருடம் ஆடுவார்கள் என்பார். போன வருடத்துப் பெட்டியே பிரிக்காமல் கிடக்கும்.

பெண்கள் ஹாக்கி கோச் மட்டும் வேறு மாதிரி. ஐம்பதை நெருங்கும் தமிழர், சுவா சூ காங்கில் வீடு. பகலில் துவாசில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். வேலை முடிந்ததும் தன் வேனை எடுத்துக்கொண்டு, கிளமெண்டி பக்கம் நாங்கள் வாடகைக்குப் பிடித்திருக்கும் திடலுக்கு நேராக வந்துவிடுவார். இளைஞராக இருந்தபோது கிளப் அணிகளில் ஆடியவர். ஒரு பயிற்சிக்கு இவ்வளவு என்று எங்களிடம் ஒப்பந்தம். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கணினியில் பதிந்தால்தான் சம்பளம் வரும். அந்தப் பதிவில்தான் அவருக்கும் எனக்கும் ஓயாத சண்டை.

நம் ஊரில் சாயங்காலமானால் இடி இடிப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. திடலில் மின்னல் எச்சரிக்கை ஊதினால் எல்லோரும் கூரைக்குக் கீழே ஒதுங்க வேண்டும். சில நாள் ஒதுங்கியதோடு பயிற்சியே முடிந்துவிடும். கோச் வந்து நின்றாலே சம்பளம் உண்டு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது. இவர் பதியவே மாட்டார்.

"ஷெட்டுல உக்காந்து கதை பேசினோம்க்கா. அதுக்குப் போயி காசா? ஆளை விடுங்க."

மழை நாளுக்குக் கேட்காதவர் போகப் போக நல்ல நாளுக்கும் கேட்பதை மறந்தார். பிள்ளைகள் கேட்டார்கள் என்று சனிக்கிழமையில் கூடுதலாக ஒரு பயிற்சி வைப்பார், அதுவும் கணக்கில் வராது. ஆட்டத்துக்குச் சாமான் ஏற்ற வண்டி பிடிக்கலாம் என்றால், என் வேன் சும்மாதானே நிற்கிறது என்பார். கோல்கீப்பரின் கால் கவசத்தில் வார் அறுந்தபோது, புதிது வாங்க விலை கேட்டு வைத்திருந்தேன். அதற்குள் அவரே பெட்டி கட்டும் பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டு வந்துவிட்டார். கிழிந்த மேலாடைகளை அவர் மனைவி தைத்துக் கொடுப்பார். பல்கலைக்கழகத்துப் பணத்தை வீணாக்கக் கூடாது என்பது அவர் கட்சி. பல்கலைக்கழகம் அதைக் கவனித்ததா என்றால், கவனித்தது. அது எப்படிக் கவனித்தது என்பதுதான் கதை.

அந்த அணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் பள்ளியிலிருந்தே ஹாக்கி ஆடிய பெண்கள் போவார்கள். எங்களிடம் வருபவர்கள் மட்டையை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்பவர்கள். எத்தனை கோல் வாங்கினோம் என்று ஆட்டம் முடிந்து நானும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை ஓர் ஆட்டத்தை அணிக்கு ஒரு கோல் என்று சமன் செய்தார்கள். அன்றைக்கு புரோட்டா கடையில் அவர்கள் போட்ட கூச்சலில் கடைக்காரர், என்ன கப்பு என்று கேட்டார். கப்பெல்லாம் இல்லை, டிரா என்று கோச் பெருமையாகச் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு எங்களுக்குப் புது மேலாளர் வந்தார். நிதிப் பிரிவிலிருந்து மாறி வந்த சீனர், மெதுவாகப் பேசுபவர், கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வந்ததும் எல்லா அணிகளின் செலவையும் விரித்து வைத்தார். பூப்பந்து அணி, ஒதுக்கியதை முழுக்கச் செலவழித்த துடிப்பான அணி. பெண்கள் ஹாக்கி, இரண்டு ஆண்டுகளாகப் பாதிகூடச் செலவழிக்காத, ஏறக்குறைய தூங்கும் அணி. மார்ச் வரைக்கும் பார்ப்போம், இப்படியே இருந்தால் மூடிவிட்டு அந்தப் பணத்தை வேறு அணிக்குத் தரலாம் என்றார்.

எனக்கு வந்ததே கோபம். தூங்கும் அணியா? வாரம் தவறாமல் வேர்த்து விறுவிறுத்துப் போய் நிற்கிற பிள்ளைகள், ஷட்டில் பெட்டி அடுக்குகிறவரைவிடத் தூக்கமா? மின்னல், வேன், பட்டை, மேலாடை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், ஆனால் பணம் ஒதுக்கும் குழுவுக்கு முன்னால் நான் காட்ட முடிவது கணினியில் உள்ளதைத்தான் என்றார். இதே வாக்கியத்தை மற்ற பயிற்சியாளர்களிடம் தினமும் சொல்பவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனபோது கோச்சை அங்கேயே வரச் சொன்னேன். கோயிலுக்குப் போய்விட்டு மனைவியோடு வந்தார். சந்தையின் சாப்பாட்டுக் கடைப் பக்கம் மூன்று கோப்பை தே வாங்கி உட்கார்ந்தோம். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நான் நண்டு விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினேன். அப்புறம் போட்டு உடைத்தேன்.

"கோச், நீங்க காசு வாங்கலன்னா டீம் இல்ல. அவ்வளவுதான்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. மூடுவதென்றால் செலவு அதிகமாகித்தானே மூடுவார்கள் என்று கேட்டார். செலவு குறைந்தாலும் மூடுவார்கள் என்று விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. காசுக்காகவா வந்தேன், காசு வேண்டுமென்றால் ஓவர்டைம் பார்க்க மாட்டேனா என்றார். இத்தனை நாள் செய்தது எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு எதிராகச் செய்ததா என்றும் கேட்டார். அவர் மனைவிதான் நடுவில் புகுந்தார்.

"நீங்க வாங்கி எங்கிட்ட குடுங்க லா. நான் நல்லா செலவு பண்றேன்."

மூவரும் சிரித்துவிட்டோம். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் மனைவி அவர் கைபேசியை வாங்கி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று கேட்டுக் கேட்டுப் பதிந்தார். மழை நாளும் கணக்கில் வந்தது, சனிக்கிழமையும் வந்தது. சாமானுக்கு வண்டி பிடித்தோம். வேன் வெறுமையாகப் பின்னாலேயே வந்தது, அவர் அதில்தானே வர வேண்டும்! மார்ச் கூட்டத்தில் மேலாளர் பெண்கள் ஹாக்கியை ஓர் உதாரணமாகவே காட்டினார். ஒரே ஆண்டில் விழித்துக்கொண்ட அணி என்று பாராட்டு, அடுத்த ஆண்டுக்குக் கூடுதல் ஒதுக்கீடு. பிள்ளைகளிடம் சொன்னபோது டிரா செய்த அன்றைக்குக் கத்தியதைப் போல் கத்தினார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

கூடுதல் ஒதுக்கீடு என்றால் கூடுதல் விதி. பயிற்சிக் கட்டணம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், பழைய ஆளையே தொடர முடியாது. எல்லோருக்கும் அறிவித்து, விலை கேட்டு, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் கோச் ஒழுங்காகச் சம்பளம் வாங்கத் தொடங்கியதில் அந்த வரம்பைத் தாண்டியிருந்தார். எனக்குப் பெரிய பயம் ஒன்றுமில்லை. தகுதிச் சான்றிதழ் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, அவர் பேராசைக்காரரும் இல்லை. இணையத்தில் எப்படி விலை போடுவது என்று மட்டும் காட்டினேன். எவ்வளவு போடுவது என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. நியாயமான விலையாகப் போடுங்கள் என்றேன். கவலைப்படாதீர்கள் அக்கா, யோசித்து வைத்திருக்கிறேன் என்றார்.

கெடு முடிந்து விலைகளைத் திறந்தபோது பட்டியலில் அவர் இல்லை. மறந்துவிட்டாரோ என்று பதறிப்போய் கொள்முதல் பிரிவைக் கூப்பிட்டேன். அவர் அனுப்பியிருக்கிறார், கணினி தள்ளிவிட்டது என்றார்கள். விலை என்ற இடத்தில் சைபர் போட்டிருந்தார். சைபர் என்றால் எங்கள் கணினிக்கு விலையே சொல்லவில்லை என்று அர்த்தம்.

தலையில் அடித்துக்கொண்டேன். மேலாளரிடம் போய் நின்றேன், கெஞ்சினேன், கொஞ்சம் கத்தவும் செய்தேன். அவரும் கொள்முதல் பிரிவிடம் கேட்டுப் பார்த்தார். கெடு முடிந்த பிறகு ஒருவரை மட்டும் திருத்தச் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம் என்றார்கள். அது சரிதான். வேறொருவருக்காக யாராவது இப்படிக் கேட்டு வந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். விலை போட்டிருந்த இன்னொருவருக்கு வேலை போனது. அவர் முன்னாள் ஆட்டக்காரர், நாற்பது வயதுத் தமிழ்ப் பெண், நல்ல பெயருள்ளவர். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை சொல்ல ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது லேசில் அடங்காது.

கோச்சுக்கு நானே போன் செய்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னைவிடக் குறைவா யாரு போட முடியும்னு நெனச்சேன்க்கா."

போன ஆண்டு வாங்கிய சம்பளம் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மனைவிக்கும் கொடுக்காமல் அப்படியே வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். அணியைத்தான் காப்பாற்றிவிட்டோமே, இந்த ஆண்டு சும்மா செய்து கழித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, திட்டவும் வந்தது. இரண்டையும் செய்யாமல், மன்னித்துக்கொள்ளுங்கள் கோச் என்று மட்டும் சொன்னேன். அவர், டீம் இருக்கிறதல்லவா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். செவ்வாய்க்கிழமை வந்து எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி துவாசிலிருந்து நேராக வந்தார், வேலைச் சட்டையோடு. பிள்ளைகள் திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு விஷயத்தை முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஓடும்போது யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர்களில் இரண்டு பேர் அழுதுகொண்டே ஓடினார்கள்.

அவர் புது கோச்சிடம் ஒவ்வொருத்தியையும் காட்டிச் சொன்னார். இவளுக்கு முட்டி வலி, கேட்டால் இல்லை என்பாள். அவள் திட்டினால் ஆடமாட்டாள். கோல்கீப்பர் வேலைக்குப் போய்விட்டு வருகிறாள், முதலில் ஏதாவது சாப்பிட விடுங்கள். அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கிறது, சனிக்கிழமைகளிலும் வரலாம் என்றிருக்கிறேன், அதற்குத் தனியாகக் காசெல்லாம் வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

கோச் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"வேணாம்மா. வந்தா காசு வாங்கிருங்க. சும்மா மட்டும் செஞ்சுராதீங்க, டீமை மூடிருவாங்க."