பங்குதாரர் ஓட்டிய பஸ்

பஸ் ஷெட்டில், கிரீஸ் மணக்கும் பெஞ்சுகளுக்கு மேலே ஒரே நேரத்தில் உயர்ந்த காக்கிச் சட்டைக் கைகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. தொழிலாளிக்கே கம்பெனியில் பங்கு தருவதை ஏதோ புது அதிசயம்போல இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அறுபதுகளிலேயே எங்கள் திண்டுக்கல் முதலாளி அதைச் செய்துவிட்டார். போனசுக்குப் பதிலாகப் பங்குப் பத்திரம். டிரைவர் அண்ணன் தன் பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டு, சாமி படங்களுக்கு நடுவே மாட்டிச் சந்தனம் வைத்தார். நான் அவர் வண்டியின் கண்டக்டர்.

பங்கு வருவதற்கு முன்னால் அண்ணன் வேறு ஆள். ஹாரன் சரியில்லை என்றால்கூடச் சாவியை மேனேஜர் மேசையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். முதலாளியான பிறகு வண்டியின் எந்த முனகலும் அவர் காதில் விழவில்லை. வடமதுரை ரோட்டில் இரண்டு தடவை மிதித்தால்தான் பிரேக் பிடித்தது. நான் பதறினேன். என் பதற்றத்துக்கு மரியாதை கிடையாது. பாலத்தைக் கண்டால் பதறுவேன், எதிரே எருமை வந்தால் பதறுவேன், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பதறுவேன்.

“சொந்த வீட்டுக் கூரைய ஒழுகுறதுக்கு முன்னாடி எவம்லே மாத்துவான்? செத்த பொறு,” என்றார் அண்ணன்.

வருடக் கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்: எல்லா வண்டிக்கும் பிரேக் வேலை பார்ப்பதா, அந்தப் பணத்தைத் தீபாவளிக்கு முன் லாபமாகப் பிரித்துக்கொள்வதா? பிரேக்கைத் தள்ளிப்போடத்தான் அத்தனை கைகளும் எழுந்தன. அண்ணன் கை முதலில். வேண்டாம் என்று சொல்ல நான் எழுந்தேன்.

“பொண்டாட்டி தும்முனாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுற பய. ஒக்காருலே அப்பு, மொதலாளி மாதிரி ஒக்காரு,” என்றார் அண்ணன். ஷெட்டே சிரித்தது.

ஒரு மழை நாளில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அண்ணன் ஒரு தடவை மிதித்தார், இன்னொரு தடவை மிதித்தார், பிறகு மிதித்துக்கொண்டே இருந்தார். நான் விசில் ஊதினேன். கண்டக்டர் விசில் கொடுத்தால் வண்டி நிற்கும் என்பது என் நம்பிக்கை. பிரேக் இல்லாத வண்டிக்கும் மூச்சு முட்ட ஊதினேன். அவர் வண்டியைப் பள்ளத்தில் இறக்கினார். பயணிகளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. புளியமரம் அவர் பக்கம் இருந்தது. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவிலிருந்து அவரை எடுக்கும்போதும் விசில் என் பல்லிடுக்கில்தான் இருந்தது.

“ஏலே, வண்டிக்கு ரொம்ப அடியா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே,” என்றேன். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் போய்விட்டது.

அவருடைய பங்கு மனைவி பெயருக்கு மாறியது. அதனால் அடுத்த கூட்டத்துக்கு மதினி வந்து பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லா வண்டிக்கும் பிரேக் மாற்றத் தீர்மானம். எங்கள் கைகள் எழுந்தன.

“நீங்களும் பங்குதாரர்தாம்மா. சம்மதம்னா கையத் தூக்குங்க,” என்றார் மேனேஜர்.

மதினி எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இம்புட்டு லேசான வேலையாய்யா இது?” என்று கேட்டார்.

தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.