இலைக்கூரையின் கீழ் இரண்டு கட்சிகள்

எட்மண்டனிலிருந்து ஸ்டாம்ஃபோர்ட் ஹில் நாலு மைல் வரும். இதையும் பயணம் என்று எழுதுவதா என்று வீட்டில் கேட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களாக லண்டனில் இருக்கிறேன். ஒரு யூத வீட்டுக்குள் கால் வைத்தது போன ஒக்டோபரில்தான். அதனால் எழுதுகிறேன்.

போன காரணம் நீச்சல். நான் போகும் குளம் ஞாயிறுகளில் திறப்பது காலை பத்துக்கு. பதினொன்று வரை பெண்களுக்கு மட்டுமான நேரம். நாற்பத்தாறு வயதில் அங்கேதான் நீந்தப் பழகத் தொடங்கினேன். பாதிக் குளம் வரை வந்திருந்தேன். அப்போதுதான் அந்த நேரத்தை நிறுத்தி எல்லோருக்கும் திறந்துவிடும் யோசனை கவுன்சிலுக்கு வந்தது. ஆண்கள் இருக்கும் தண்ணீரில் நான் இறங்கமாட்டேன். ஆக, அந்த ஒரு மணி நேரம் போனால் என் நீச்சலும் போனதுதான்.

எங்களோடு நீந்தும் யூதப் பெண் ரிவ்கா ஒரு வழி சொன்னாள். அவர்களுக்கு அப்போது கூடாரத் திருநாள். ஏழு நாளும் வீட்டு முற்றத்தில் ஒரு தற்காலிகக் கூடாரம் கட்டி, அதற்குள் இருந்து சாப்பிடுவார்கள், விருந்தாளிகளை அழைப்பார்கள். ஆளுங்கட்சியிலிருந்து ஒரு கவுன்சிலரையும் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு கவுன்சிலரையும் ஞாயிறு மதியம் கூப்பிட்டிருக்கிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள்.

என் கணவரின் அக்கா ராஜி மச்சாளும் நானும் 1.10க்கு எட்மண்டன் கிரீனில் 149 பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். 1.45க்கு இறங்கி எட்டு நிமிட நடை. மச்சாளின் மடியில் முப்பது பருப்பு வடை. பஸ் முழுக்க மணம்.

கூடாரம் என்றால் மூன்று பக்கம் பலகை, மேலே வெட்டிய மரக்கிளைகள். இலைகளுக்கு நடுவே வானம் தெரியவேண்டுமாம். லண்டன் வானம் தெரிந்தால் மழையும் தெரியும். தூறல் மேசைவிரிப்பில் விழுந்துகொண்டே இருந்தது. சூப் கெட்டுப்போகும் அளவுக்குப் பெய்தால் உள்ளே போகலாம் என்றாள் ரிவ்கா. வடைப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, தங்கள் உணவு விதிகளின்படி சமைக்காத வீட்டுப் பலகாரத்தைத் தொட முடியாது என்று உண்மையான துக்கத்தோடு சொன்னாள். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் சிவா அண்ணை பெட்டியோடு வாசலுக்குப் போய் நாலு வடை முடித்துவிட்டு வந்தார்.

மேசையில் ஒரே ஒரு விதி. உன் நியாயத்தைச் சொல்லுமுன் எதிராளியின் நியாயத்தைச் சொல்லவேண்டும். அவர் “ஆம், அதுதான்” என்று ஒத்துக்கொள்ளும்வரை உன்னுடையதைத் தொடக்கூடாது. ரிவ்கா கண்டுபிடித்த விதி இல்லை. அவர்களுடைய பழைய ஆசிரியர்களில் இரண்டு அணிகள் ஓயாமல் வாதாடினவாம். ஒரு அணியின் முடிவுகள் நிலைத்ததற்குக் காரணம், அவர்கள் மற்றவர்களின் கருத்தை முதலில் சொல்லிவிட்டே தங்களுடையதைச் சொன்னதுதானாம்.

நேரத்தை நிறுத்தும் பக்கம் நின்ற சிவா அண்ணை, பெண்கள் நேரம் வேண்டும் என்பவர்களின் நியாயத்தை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஹானா, ரிவ்கா போகும் யூதக் கோயிலுக்கே போகிறவர், தலையாட்டி மறுத்தார். அது என் நியாயம் இல்லை, உங்கள் கட்சித் துண்டுப்பிரசுரம் என்றார். இரண்டாம் தரமும் அப்படியே. அண்ணை தமிழில் மச்சாளின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, என்ன சொன்னா இந்த மனிசி ஓம் எண்டு சொல்லும்?”

“உங்கட வீட்டில கேளுங்கோ அண்ணை. உங்கட மனிசி எனக்குப் பக்கத்து லேனிலதானே நீந்துறவ.”

“அவ கோயிலுக்கெண்டெல்லோ போறவ?”

“கோயிலுக்கு ஆர் அண்ணை தலை துவட்டுற துவாய் கொண்டு போறது?”

அண்ணை ஹானாவின் பக்கம் திரும்பினார். சில பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் வாழ்நாள் முழுவதும் தண்ணீரே இல்லை என்றார். ஹானா ஆம் என்றார். அவருடைய முறை வந்தபோது, கிழமை முழுக்க வேலை செய்யும் தகப்பன்மாருக்குப் பிள்ளைகளோடு கிடைப்பது ஞாயிறு காலை மட்டும்தான் என்று ஒரே தரத்தில் சரியாகச் சொல்லிவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ரிவ்கா என்னைப் பார்த்தாள். தகப்பன்மார் பக்கத்துக்கு ஹானா சொல்லாத இன்னொரு காரணம் சொல் என்றாள். எங்கள் நேரத்தைக் காப்பாற்ற வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவள் நான். மறுபக்கம் இருப்பவர்களுக்கு எங்களைப் பிடிக்காது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

நாலு மணிக்குள் இரண்டு பேரும் உடன்பட்டார்கள்: குளத்தை முன்னதாகவே திறந்து, எட்டிலிருந்து ஒன்பது வரை பெண்கள், ஒன்பதிலிருந்து குடும்பங்கள். அடுத்த கூட்டத்தில் இருவரும் சேர்ந்தே தீர்மானம் கொண்டுவந்தார்கள். அண்ணைக்குச் சொந்தக் கட்சிக்குள் நல்ல ஏச்சு விழுந்ததாம். தீர்மானம் நிறைவேறியது.

இப்படி ஓர் அழைப்பு வந்தால் தயங்காமல் போங்கள். சமைத்த சாப்பாடு வேண்டாம். வெட்டாத பழம் கொண்டு போகலாம். ஆண்கள் பெண்களுக்குக் கை நீட்டவேண்டாம், எங்கள் வணக்கம் அங்கே நன்றாகவே செல்லும். கூரை ஒழுகும், குளிரும், தடித்த ஜாக்கெட் அவசியம். படம் எடுக்குமுன் கேளுங்கள். வாதாடப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே மறுபக்கத்து ஆள் ஒருவரோடாவது பேசிவிட்டுப் போங்கள். நான் செய்யத் தவறியது அதுதான்.

புதிய நேரத்தின் முதல் ஞாயிறு, ஒன்பது மணிக்கு வெளியே வந்தபோது தகப்பன்மார் வரிசையில் நின்றார்கள். மகளின் நீச்சல் கண்ணாடியை இறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

“அக்கா, தண்ணி குளிரோ?”

“முதல்ல குளிரும். பிறகு தாங்க ஏலும்.”

“நைட் ஷிப்ட் முடிச்சு நேர வாறன். முந்தி பதினொண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்க ஏலாது அக்கா. இவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே இல்லை.”

தலைத்துணியைச் சரிசெய்தபடி பின்னால் வந்த ரிவ்காவிடம் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

“சரி,” என்றாள். “இப்போது உன் நியாயத்தைச் சொல்.”