நிறுத்தி எடுத்தால் வலது பக்கம்

மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டுகிற என் கணவருக்குப் பேராவூரணியிலிருந்து தரங்கம்பாடி வரை ஒரு சின்னக் காரை ஓட்டத் தெரியாதா என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். கார் அவர் அனுப்பிய பணத்தில் வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டது என் பிடிவாதம். ஊரில் நான் ஸ்டியரிங் பிடித்துப் போவதை வேடிக்கை பார்த்தவர்கள் பார்த்து அலுத்தும் போயிருந்தார்கள்.

விடுமுறைக்கு வந்தவர் திரும்பிப் போகக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றேன். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் போகிற கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நசுங்கிப் போனவர்கள் இப்போது வாடகைக் கார் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். நாம் இங்கேயே பிழைக்கலாம் என்றேன். "ரோட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். ரோட்டைப் பார்ப்பதற்காகவே ஒரு ஐப்பசிக் காலையில் கடலோரமாகத் தரங்கம்பாடிக்குக் கிளம்பினோம். அங்கேதான் அவருடைய தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது. பின் சீட்டில் என் மாமியார், கையில் ஜெபமாலை, பக்கத்தில் முறுக்கு டின்.

கடலில் தாழ்வு மண்டலம் என்று ரேடியோ சொல்லியிருந்தது. வானமோ ஒரு முடிவுக்கு வருவதாக இல்லை. அதிராம்பட்டினத்தில் கொட்டியது, முத்துப்பேட்டையில் பளீரென்று வெயில். பாலத்தில் இறங்கி அலையாத்திக் காட்டைப் பார்த்தோம். இலையெல்லாம் கழுவிவிட்டதுபோல மின்னியது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. காருக்குத் திரும்பி வந்த என் கணவர் நேரே இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டினார். அங்கே ஸ்டியரிங் இல்லை.

"தம்பி, வண்டிய யாரு ஓட்டுறது? நானா?" என்றார் அத்தை.

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிச் சுற்றி வந்தார். கிளம்பும்போது இண்டிகேட்டர் போட நினைத்துக் கை வைத்தார், வைப்பர் ஆடியது. கார் வலது பக்கமாக ஏறியது. மஸ்கட்டில் அதுதான் சரியான பக்கம், ஸ்டியரிங்கும் அங்கே இடது பக்கம். "இடதுங்க" என்றேன். மாறிக்கொண்டார். சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவர் ஓட்டுவது பார்க்க அழகு. முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே தன் பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். நிறுத்தி எடுத்தால்தான் தகராறு. அத்தையோ கண்ணில் பட்டதற்கெல்லாம் நிறுத்தச் சொன்னார்.

வேதாரண்யத்து உப்பளத்தில் நிறுத்தச் சொன்னது மட்டும் நான். எனக்கு அந்த இடம் பிடிக்கும். மழைக்கு முன்னால் உப்பைக் குவித்துக் கீற்று வேய்ந்து மூடிக்கொண்டிருந்தார்கள். மூடாத குவியல் ஒன்று தூறலில் கரைந்துகொண்டிருந்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடக்க, உப்பு மட்டும் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. மழை வலுக்கவே ஓடி வந்து காரில் ஏறினோம். கண்ணாடியெல்லாம் ஆவி. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியும் இல்லாத சாலை.

நாகப்பட்டினத்திலிருந்து வந்த பஸ் வளைவில் திரும்பியபோதுதான் நாங்கள் வலது பக்கத்தில் போய்க்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. அவர் ஒதுங்கினார், இன்னும் வலது பக்கமாகவே. பஸ்காரரும் அதே பக்கம் ஒதுங்கினார். "மாதாவே" என்ற அத்தையின் குரல் கேட்டது. நான் ஸ்டியரிங்கை என் பக்கம் இழுத்தேன். கார் சாலையைக் குறுக்கே கடந்து இடது ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றது.

பஸ் டிரைவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னலில் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "வெளியூருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் கணவர் பிறந்து வளர்ந்த ஊர் அங்கிருந்து ஒரு காலைப் பயணம். முகம் செத்துப் போய்விட்டது. சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. அங்க பாலைவனத்துல ராப்பகலா ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. நான் அந்த ஊருக்குத்தான் டிரைவர்."

போச்சு, திரும்பப் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டியைச் சேற்றிலிருந்து ஏற்றி நான்தான் ஓட்டினேன். வேளாங்கண்ணியில் அத்தை மெழுகுவத்தி ஏற்றினார். இவர் கடற்கரையில் தனியாக நின்றார். அலை பழுப்பாக, இரைந்துகொண்டு வந்தது. நாகூர் தாண்டும்வரை காரில் யாரும் முறுக்கைக்கூடத் தொடவில்லை.

வருத்தம் எனக்கு நெடுநேரம் தாங்காது, கோபமாக மாறிவிடும். காரைக்காலைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டினேன். இரண்டு பக்கமும் புதிதாக வெட்டிய இறால் குளங்கள். குளத்தில் காற்றுக் கலக்கும் சக்கரங்கள் சுழன்று தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. மேகம் விலகி அதன்மேல் வெயில் விழுந்தது.

"இறங்குங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"வேணாம். அத்தனை பேரையும் கொன்னுடுவேன்."

"ஓடுறப்ப நல்லாத்தான ஓட்டுறீங்க. எடுக்கிறப்பதான தகராறு? அப்ப எடுத்து எடுத்துப் பழகுங்க. நானும் கிளட்சப் பழகுறதுக்குள்ள எத்தன தடவ வண்டிய நிறுத்தினேன்."

தரங்கம்பாடி வரை அதைத்தான் செய்தோம். கொஞ்ச தூரம் போவது, நிறுத்துவது, எல்லோரும் இறங்குவது, ஏறுவது, மறுபடி எடுப்பது. வாய்க்கால் மதகில் நிறுத்தினோம். நடவு முடிந்த வயலில் கொக்குகள் நிற்பதைப் பார்க்க நிறுத்தினோம். ஒன்றும் இல்லாத இடத்திலும் நிறுத்தினோம். அத்தை சலிக்காமல் இறங்கி ஏறினார். கார் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து, "இடது, தம்பி, இடது" என்று ஜெபம் சொல்வதுபோலச் சொன்னார். முதலில் இவர் எரிச்சல்பட்டார். பிறகு சிரித்தார். கடைசியில் அத்தை வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொல்லிக்கொண்டு எடுத்தார். ஒரு தடவை வைப்பர் ஆடியது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

தரங்கம்பாடியில் நாத்தனார் வீட்டு வாசலில் இறங்கும்போது கடலில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. காபி கையில் வருவதற்குள் நாத்தனார் கேட்டுவிட்டார்.

"டிக்கெட் என்னிக்குண்ணே?"

நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

"ரோடு இன்னும் பழகல" என்றார். காபியை ஒரு மிடறு குடித்தார். "பழகினதும் போறேன்."

அங்கிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அறிந்ததில்லை.

அதற்குப் பிறகு இரண்டு கார் வாங்கிவிட்டோம். இந்தக் கடற்கரைச் சாலையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார். யாராவது எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டால், ரோடு இன்னும் பழகவில்லை என்று முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொல்வார். ஆமாம், பழகவே இல்லை என்று நானும் சொல்லிவிடுவேன்.