நல்லெண்ணெய் வானம்

அந்தப் படத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாளையங்கோட்டையில் நான் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணியின் பங்களாச் சுவரில் தொங்கிய எண்ணெய்ச் சித்திரம் அது. சீமையில் ஏதோ ஒரு பழைய நகரம்: வாய்க்கால், பாலம், நெருக்கியடித்த வீடுகள், மேலே பாதிப் படத்துக்குப் பழுப்பு வானம். எப்போதோ செத்துப்போன பெரிய ஓவியன் எழுதியதாம். எண்ணெய் வர்ணம் பழக, அதைப் பார்த்து எழுதுவதைத் தவிர எங்கள் ஊரில் எனக்கு வேறு வழி கிடையாது. கோடைக்கு மலைக்குப் புறப்பட்ட துரைசாணி, "பழுதில்லாமல் திரும்பி வந்தால் அடுத்த படமும் தருவேன். பழுதானால் இனி ஒன்றும் தரமாட்டேன்" என்று தம் பைபிள் தமிழில் சொல்லி, படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தச்சநல்லூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அங்கேயே எழுதினேன். வீடுகளும் பாலமும் முடிந்த சமயம், வர்ணம் குழைக்கப் பட்டணத்திலிருந்து வரவழைத்த ஆளிவிதை எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வானம் பாக்கி.

"ஏட்டி, எண்ணெய்னா எண்ணெய்தான? செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் இருக்கு, ஊத்திக் குழை" என்றாள் அக்கா.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தோசைக்கு ஊற்றுகிற எண்ணெய் படத்துக்கு ஆகாதா என்ன? வழவழவென்று குழைந்தது. அந்தப் பழுப்பை அச்சு அசலாகப் பிடித்துவிட்டேன் என்று கர்வம்கூட வந்தது.

திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. என் படத்தில் வீடுகளைத் தொட்டுப் பார்த்தேன், கல்லாகக் காய்ந்திருந்தன. வானத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. துரைசாணியிடம் காட்ட என் படத்தையும் எடுத்து, அவர் படத்தின் மரச்சட்டத்துக்குள் முகத்தோடு முகமாக வைத்தேன். பெட்டிக்கு மூடி போட்டதுபோலப் பொருந்தியது. ஒன்றுக்கொன்று காவல் என்று நினைப்பு. வண்ணார்பேட்டை ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் மாட்டுவண்டி குலுங்கிய குலுக்கலில் படங்களை மடியோடு அணைத்துக்கொண்டேன். "பையப் போங்க அண்ணாச்சி, பையப் போங்க" என்று வண்டிக்காரரைக் கெஞ்சிக்கொண்டே வந்தேன்.

பங்களாக் கூடத்து மேசைமேல் வைத்து இரண்டையும் பிரித்தேன். வரவில்லை. இழுத்தேன். பிசுக்கென்று ஒரு சத்தம். துரைசாணி படத்தின் வானத்தில் என் பழுப்பு உள்ளங்கை அகலத்துக்கு அப்பிக்கொண்டிருந்தது.

உள்ளறையில் துரைசாணியின் செருப்புச் சத்தம் கேட்டது. யோசிக்க நேரமில்லை, முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். நல்லெண்ணெய் காயாத எண்ணெயாயிற்றே, வந்துவிட்டது. ஆனால் துடைத்த இடம் மற்ற வானத்தைப் போல இல்லை. வெளிறி, நீலமாக இருந்தது. பெரிய ஓவியனின் வர்ணத்தையே வழித்துவிட்டேன்! படத்தை ஆணியில் மாட்டிவிட்டு அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

துரைசாணி வந்து, விலகச் சொல்லிக் கைகாட்டினார். படத்தைப் பார்த்தார். "வெயில் நேராக விழுகிறது, படத்துக்கு ஆகாது" என்று ஜன்னல் திரையை இழுத்து மூடினார். கூடம் இருண்டது. அந்த உள்ளங்கை அகலம் மட்டும் இருளவில்லை.

அவர் திரும்பி என் முந்தானையைப் பார்த்தார். பழுப்பாக இருந்தது. எண்ணெய் ஊறிய அதன் ஓரத்தைப் பிடித்து வானத்தின் இன்னொரு மூலையைத் தேய்த்தார். துணி கரியாயிற்று, அங்கேயும் நீலம். படத்துக்குக் கீழே தினமும் எரிகிற மண்ணெண்ணெய் விளக்கைப் பார்த்தார். பிறகு மேசைமேல் கிடந்த என் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நீ என் விளக்குப் புகையை எழுதியிருக்கிறாய்" என்றார். "மிகவும் நன்றாக எழுதியிருக்கிறாய்."

சுவரிலிருந்து அடுத்த படத்தைக் கழற்றினார். எனக்குச் சந்தோஷத்திலா அவமானத்திலா தெரியவில்லை, கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அதைத் துடைக்க முந்தானையை எடுத்தேன்.

"முதலில் படத்தை" என்றார் துரைசாணி.