தெற்குச் சிறகு

என் கணவர் முப்பது வருடம் உயர்தர வகுப்பு மாணவருக்கு விலங்கியல் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு, டைனோசர் காலத்தில் வானத்தில் திரிந்த பறக்கும் ஊர்வனவற்றைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். எல்லாரும் அறிந்தவற்றை நாலு பக்கத்தில் முடித்துவிட்டு, யாரும் அறியாத ஒன்றில் போய் நின்றுகொண்டார். டெரோடாஸ்ட்ரோ என்று அதற்குப் பெயர். ஆர்ஜென்டினாவில் எலும்பு கிடைத்ததாம். பெயரின் பொருளைப் பார்த்து 'தெற்குச் சிறகு' என்று தமிழில் வைத்தார்.

அதன் தாடை நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும். கீழ்த்தாடையில் ஏறத்தாழ ஆயிரம் பற்கள், தூரிகை மயிர் போல மெல்லியவை. ஆழமில்லாத நீரில் நின்று, வாய் நிறைய அள்ளி, பற்களுக்கிடையால் நீரை வடியவிட்டுக் கூனி இறால் போன்ற சின்னஞ்சிறு உயிர்களைத் தின்னும்.

"எங்கட வாவியில விட்டிருந்தாலும் சீவிச்சிருக்கும்," என்றார் ஒருநாள். தன்னாமுனையில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் வாவிதான்.

அந்த அத்தியாயத்தின் நடுவில், ஒரு காலை, முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். மூளையில் இரத்தக்குழாய் அடைத்துவிட்டது. கை கால் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு திரும்பவில்லை. "ஓம்" என்று ஆமோதிக்கிற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. சோறு வேண்டுமா என்றாலும் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். பேனையைக் கொடுத்தால் கோடு இழுப்பார்.

புத்தகத்தை நான் முடிக்கலாம் என்று நினைத்தேன். நான் தபாற்கந்தோரில் வேலை செய்தவள். விலங்கியல் தெரியாது. அவருடைய கையெழுத்தை மட்டும் தடக்கமில்லாமல் வாசிப்பேன். கொப்பியின் கடைசி வரி, "இதன் வயிற்றில் சிறு கற்கள் இருந்ததற்குக் காரணம்" என்று நின்றது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கல்லு இரைய அரைக்கிறதுக்கா?"

"ஓம்."

"இல்லாட்டி இரையோட சேத்துத் தெரியாம விழுங்கினதா?"

"ஓம்."

"ரெண்டுல ஒண்டச் சொல்லுங்களன்."

"ஓம்," என்றார். கண் கலங்கியிருந்தது. கொப்பியை மூடிவிட்டேன்.

கிழமைக்கு ஒருநாள் பேச்சுப் பயிற்சிக்காகப் புளியந்தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஓர் இளம்பெண் பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்பாள். பூனை, குடை, தேங்காய். எதற்கும் ஓம்தான். ஒருநாள் சீப்பின் படம் வந்தது. அவர் அதைக் கையில் வாங்கினார். வாயருகே பிடித்து, தலையைத் தாழ்த்தி, இடமும் வலமுமாக மெதுவாக அசைத்தார்.

"இல்ல ஐயா, அது தலை இழுக்கிறதுக்கு," என்றாள் அவள்.

"அவர் பிழையாச் செய்யல்ல பிள்ள," என்றேன். தெற்குச் சிறகைப் பற்றி, அதன் பற்களைப் பற்றி, எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இருக்கலாம் அம்மா. ஆனா போன கிழமை பென்சிலையும் இப்பிடித்தான் வாய்க்குக் கொண்டுபோனவர்."

திரும்பும் பஸ்ஸில் அவரிடம் மெல்லக் கேட்டேன். "நீங்க அந்தப் பறக்கிறதத்தானே காட்டினீங்க?"

"ஓம்."

"சும்மா செய்தீங்களா?" என்று அடுத்துக் கேட்டால் அதற்கும் ஓம் என்றுதான் சொல்வார். நான் கேட்கவில்லை.

மாரிமழை நாட்களில் இரண்டாம் முறை அடைத்தது. அதோடு அந்த ஒரு சொல்லும் போய்விட்டது. இப்போது படுக்கைதான். நான் உள்ளே போகும்போது முகத்தைப் பார்க்கிறார். யாரென்று தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் படித்து இப்போது தானும் விலங்கியல் ஆசிரியராக இருக்கிற ஒருவர், புத்தகத்தை முடித்துத் தருவதாகச் சொல்லிக் கொப்பிகளை வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சேர் என்ன நினைச்சு எழுதினவர் எண்டு பிடிபடுதில்ல, ரீச்சரம்மா," என்றார். நான் ஒருநாளும் படிப்பித்தவளல்ல. ஆனாலும் அவரைத் திருத்தவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

கொப்பிகளை அலுமாரியில் வைத்திருக்கிறேன். இடைக்கிடை கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். வாசிக்க எடுப்பதில்லை.