சும்மா நிற்கும் ஆள்

"காத்தைக் கொஞ்சம் கொறைக்கட்டுமா தம்பி? தொட்டி தாங்குமா?" என்று இன்டர்காமில் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பதில் வரும்வரை கணினியில் எந்த எண்ணையும் மாற்றமாட்டார். அந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோருக்கும் இவர் கணக்கக்கா.

வயது ஐம்பத்திரண்டு. மேசைமேல் மூன்று கண்ணாடிக் குடுவைகளில் கசடு படிந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே சாப்பாட்டு டப்பா. "மூக்கு எப்பவோ செத்துப்போச்சு சார்." கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் ஊதும் காற்று, மருந்து, மின்சாரம், ஆட்கள் எல்லாவற்றையும் சமன்பாடுகளாக எழுதி, எப்படி ஓட்டினால் செலவு குறையும் என்று கணினியைத் தேடவைப்பது இவர் வேலை. முதல் வருடமே மின்கட்டணத்தில் கால்பங்கு மிச்சம். மேலாளர் இவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

அதே கணக்குதான் ஓர் ஆளையும் மிச்சம் பிடித்தது. பம்புக் கிணற்றில் அடைப்பு எடுக்க ஒருவர் இறங்குவார். இன்னொருவர் மேலே கயிற்றைப் பிடித்து நிற்பார். நிற்பவரின் வேலைக்கு நேராக அக்கா பூஜ்யம் போட்டிருந்தார். கணினி அவரை நீக்கியது. நான்காம் மாதம், தனியாக இறங்கியவரை விஷவாயு அடித்தது. இழுக்க மேலே யாருமில்லை.

"கம்ப்யூட்டர் என்ன சார் பண்ணும்? சும்மா நிக்கிறான்னு சொன்னது நான்தானே." இதைச் சொல்லும்போது அவர் குரல் பிசிறவில்லை.

மறுநாளே 'கிணற்றுக்கு இருவர்' என்று கணக்கில் ஒரு வரி சேர்த்தார். அது மேலாளரின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்காவைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று, மேலாளர் கதவருகே நின்றபடியே சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள அந்த வரிய எடுத்துடுங்கம்மா. இல்லேன்னா எடுக்கத் தெரிஞ்சவங்கள இந்த நாற்காலியில உக்கார வச்சுக்கறேன்."

சற்று நேரத்தில் பம்புக்காரர் வந்தார். "அடைச்சுக்கிச்சுக்கா. கூட இருந்த ஆளை மத்தியானமே வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. நான் மட்டும் எறங்கிடறேன்."

"எறங்கிடுவியா? வா, நானும் வரேன்."

கிணற்றில் வாயு அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்தார். கயிற்றின் ஒரு முனையைப் பம்புக்காரருக்குக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டார். "பேசிக்கிட்டே எறங்கு. பேச்சு நின்னா இழுத்துடுவேன்."

பம்புக்காரர் தன் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினார். ஐந்து மணிக்கு அக்காவின் பையில் போன் அடித்தது. மேலாளராகத்தான் இருக்கும். "எடுத்துத் தரட்டுமா?" என்றேன்.

"உஷ்" என்று என்னை அடக்கிவிட்டு, கிணற்றின் பக்கம் காதைச் சாய்த்தார்.